எந்தக் கல்லூரி என்னுமுன் எந்த மொழியில் என்று கேள்!

மேனிலைத் தேர்வு முடிவுகள் வெளிவந்த மறுநாளே தமிழ்நாட்டில் ஒரு சந்தை கூடிவிடுகின்றது. விற்போர் கல்லூரி முதலாளிகள். விலை பேசுவோர் தரகர்கள். விற்கப்படுவோர் நம் பிள்ளைகள். அந்தச் சந்தையின் நீண்ட கடைத்தெருவைக் காண விரும்புவோர் கொட்டிவாக்கத்திற்கு வந்து நின்றாலே போதும். கிழக்கே கடல், ஊரை ஊடறுத்துச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலை, மேற்கே பக்கிங்காம் கால்வாய், அதற்கப்பால் பழைய மாமல்லபுரம் சாலை. இவ்விரு சாலைகளிலும் தெற்கு நோக்கி விரையும் கல்லூரிப் பேருந்துகளை எண்ணத் தொடங்கினால் காலைப்பொழுது முழுதும் கழிந்துவிடும். சாலையோரப் பலகைகளில் சிரிக்கும் முகங்கள், உயர்ந்த கட்டடங்கள், கொழுத்த சம்பளக் கணக்குகள். இவற்றினிடையே ஒரு தமிழெழுத்தைத் தேடிப் பிடிப்பதோ அரும்பாடு.

கொட்டி என்பது குளத்தில் வளரும் ஒரு நீர்ச்செடிக்குத் தமிழன் இட்ட பெயர். பாக்கம் என்பது கடற்கரையூரைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்படும் வரை காஞ்சிபுரம் மாவட்டத்துச் சிற்றூராக இருந்த இவ்வூரின் குப்பத்து மீனவர்க்கு எந்தக் கல்லூரியும் கடலைப் பற்றிக் கற்பிக்கவில்லை. காற்றைக் கொண்டல் என்றும் வாடை என்றும் கோடை என்றும் தென்றல் என்றும் திசைதோறும் பெயரிட்டுப் பிரித்தறிந்த இனம் இது. கட்டுமரம் என்னும் நம் சொல்லை ஆங்கிலேயன் கடன் பெற்றுச் சென்று தன் அகரமுதலியில் சேர்த்துக் கொண்டான். இன்று அதே கட்டுமரத்துக்காரரின் மகன், கடல்சார் தொழில்நுட்பமோ மீன்வளமோ கற்க விரும்பினால், தன் தந்தை அறிந்ததையே ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்துவந்து, ஆங்கிலத்தில் ஒப்பித்தாக வேண்டும்! அவன் அறிவு குறைந்தவனாய் இருப்பதால் அன்று. அவனுக்குத் தெரிந்த மொழியில் அங்கே கதவு இல்லாததால்.

மாணவச் செல்வங்காள்! எக்கல்லூரியில் சேர்வது என்று உங்களுக்கு அறிவுரை கூற இன்று ஆயிரம் பேர் உளர். செய்தித்தாள்கள் தனி மலர் போடுகின்றன. தொலைக்காட்சிகள் வல்லுநர்களை அமர்த்துகின்றன. தனியார் கல்லூரிகளே மண்டபம் பிடித்துக் கண்காட்சி நடத்துகின்றன. தரவரிசை, கட்டடம், ஆய்வகம், வேலைவாய்ப்பு, விடுதிச் சோறு என எல்லாவற்றையும் பற்றிப் பேசும் இவர்கள் ஒன்றைப்பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. நீ எந்த மொழியில் கற்கப் போகின்றாய் என்னும் கேள்வியே அது. அக்கேள்வி எழுந்தால் சந்தை கலைந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

முதலில் சந்தையைப் பற்றிச் சில சொற்கள். தமிழ்நாட்டில் தன்னிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு வாயில் திறந்துவிடப்பட்டது 1984-இல். அதற்கு முன் விரல்விட்டு எண்ணத்தக்க கல்லூரிகளே இருந்தன. பின்னர் அவை 500-ஐயும் தாண்டிப் பெருகின. கல்விக்கூடம் கட்டியவருள் கல்வியாளர் சிலர். சாராயம், மணல், நிலவணிகம் முதலியவற்றில் பணம் திரட்டியோர் பலர். எளிய வீட்டுப் பிள்ளைகளும் பொறியாளர் ஆயினர் என்று இதனைப் போற்றுவோர் உண்டு. அதில் ஓரளவு மெய்யும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எத்தனை தந்தையர் நிலத்தை விற்று, எத்தனை தாயர் தாலியை அடகு வைத்து அந்தப் பட்டத்தை வாங்கினர் என்பதையும், பட்டம் பெற்ற பிள்ளை அதே பழைய மாமல்லபுரம் சாலையில் உணவுப் பொட்டலம் சுமந்து வீடுவீடாக ஏறி இறங்குவதையும் சேர்த்தன்றோ கணக்குப் போடவேண்டும்?

சேர்க்கைக்கென்று தலைக்கட்டணம் பெறுவது தமிழ்நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். கட்டட நிதி என்றோ நன்கொடை என்றோ பெயர் மாற்றிக் கேட்பினும் குற்றமே. மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி பறித்து வைத்துக் கொள்ளக் கூடாதென்று பல்கலைக்கழக நல்கைக்குழு 2018-இலேயே அறிவித்துவிட்டது. இவற்றை அறியாத பெற்றோர் பற்றுச்சீட்டின்றிப் பணம் கட்டுகின்றனர். சான்றிதழ்களை ஒப்படைத்துவிட்டு, வேறு கல்லூரியில் இடம் கிடைத்தபின் வாயிற்காவலனிடம் கெஞ்சி நிற்கின்றனர். ‘நிகர்நிலைப் பல்கலைக்கழகம்’ என்னும் பெரும்பெயரைக் கேட்டவுடன் அது அரசுப் பல்கலைக்கழகத்திற்கு நிகரென்று மயங்குவோரும் உளர். அரசின் பொறியியற் கலந்தாய்வு வழியே அங்கு இடங்கள் நிரப்பப்படுவதில்லை என்பதையும், கட்டணத்தை அவர்களே வகுத்துக் கொள்கின்றனர் என்பதையும் சேருமுன் உசாவி அறிதல் வேண்டும். இது போன்ற செய்திகளை அண்டை வீட்டார் கூடச் சொல்லிவிடுவர். அவர்கள் சொல்லாததற்கு வருவோம்.

பன்னீராண்டுகள் தமிழில் பயின்ற ஒரு மாணவி. கணக்கும் இயற்பியலும் தமிழிலேயே அவளுக்குப் புரிந்திருக்கின்றன, தமிழிலேயே எண்ணுகின்றாள், ஐயம் எழுந்தால் தமிழிலேயே எழுகின்றது. கல்லூரியின் முதல்நாள் வகுப்பில் அவள் அமர்கின்றாள். பாடம் நடத்துபவரும் தமிழர். அவருக்கும் ஆங்கிலம் அரைகுறை. அவர் பொத்தகத்தைப் பார்த்துப் படிக்கின்றார். இவள் பார்த்து எழுதுகின்றாள். இருவர்க்கும் நடுவே கல்வி என்று ஒன்று நிகழவே இல்லை. பள்ளியில் முதல் வரிசையில் அமர்ந்து கேள்வி கேட்டவள் கல்லூரியில் கடைசி வரிசைக்குப் போய்விடுகின்றாள். கேள்வி கேட்கும் துணிவு முதலிற் போகின்றது. பின்னர், தனக்குத் தெரியும் என்னும் நம்பிக்கை போகின்றது. இறுதியில் ‘நான் மக்கு’ என்று தன்னைத்தானே நம்பத் தொடங்குகின்றாள். ஒரு நாட்டின் அறிவுச் செல்வத்தை இவ்வளவு மலிவாக அழிக்க வேறு கருவி எந்தப் பகைவனிடத்தும் இல்லை.

இந்த இழிவு நேற்று வந்ததன்று. மறைமலையடிகள் 1898 முதல் 1911 வரை சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராய் இருந்தார். கல்லூரிப் படிப்பில் தமிழ் கட்டாயமில்லை என்று பல்கலைக்கழகம் ஒதுக்கி வைத்தபோது அடிகள் அப்பணியை விட்டு வெளியேறிப் பல்லாவரத்திற்குக் குடிபெயர்ந்தார். 1916-இல் தனித்தமிழ் இயக்கம் அங்கேதான் பிறந்தது. கல்லூரி தமிழை வெளியே தள்ளியது; தள்ளப்பட்ட இடத்தில் ஓர் இயக்கம் முளைத்தது. அப்பல்லாவரம் கொட்டிவாக்கத்திலிருந்து ஒரு பேருந்துப் பயணத் தொலைவில்தான் உள்ளது. ஆனால் இக்கரையில் கல்லூரி தேடி அலையும் மாணவர்க்கு அந்த வரலாற்றை எவரும் சொல்வதில்லை.

விடுதலைக்குப் பின்னும் கதை அதே கதைதான். 1960-இல் கோவை அரசு கலைக்கல்லூரியில் தமிழ்வழிப் பட்ட வகுப்பு வெள்ளோட்டமாகத் தொடங்கப்பட்டது. அதன்பின் பாடநூல் நிறுவனம் கல்லூரிக்கென நூற்றுக்கணக்கான நூல்களைத் தமிழில் வெளியிட்டது. இயற்பியல், வேதியியல், பொருளியல், உளவியல் என எல்லாத் துறையிலும் நூல் வந்தது. 1981-இல் நிறுவப்பட்ட தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் பொறியியலுக்கும் மருத்துவத்திற்குங் கூடத் தமிழில் நூல்கள் கொணர்ந்தது. ஆக, ‘நூல் இல்லை’ என்னும் பழைய பொய்க்கு அரைநூற்றாண்டுக்கு முன்பே விடை தரப்பட்டுவிட்டது. ஆனால் 1970-இல் தமிழ்வழியைக் கல்லூரிகளில் விரிவாக்க அரசு முனைந்தபோது மாணவரைக் கொண்டே எதிர்ப்பு மூட்டப்பட்டது. தமிழ் மாணவன் தமிழ் வேண்டா என்று தெருவில் இறங்கினான்! 1965-இல் இந்தியை எதிர்த்துத் தெருவில் இறங்கிய தமிழ் மாணவர்க்கு ஐந்தாண்டுகளே இளையவன் அவன். இந்தியை எதிர்க்கத் தெரிந்த நமக்கு ஆங்கிலத்தின் முன் முதுகு வளைந்து போவதேன் என்னும் கேள்வியை இவ்வியக்கம் அன்றும் கேட்டது, இன்றும் கேட்கின்றது. அரசோ அந்த எதிர்ப்பைக் கண்டதும், தமிழ் விரும்புவோர்க்கு மட்டும் என்று தளர்ந்தது. விரும்புவோர்க்கு மட்டும் என்றால், தமிழ்நாட்டில் தமிழ் ஒரு கூடுதல் கறி. வேண்டுவோர் கேட்டு வாங்கிக் கொள்ளலாம்!

பள்ளியிலாவது காப்போம் என்று 1999-இல் தொடக்க வகுப்புகளுக்குத் தமிழ்வழியைக் கட்டாயமாக்கி ஓர் அரசாணை வந்தது. 2000-இல் உயர்நயன்மன்றம் அதனைத் தள்ளிற்று. கருநாடகத்தின் தாய்மொழிவழிக் கல்வி வழக்கில் உச்சநயன்மன்றமும் 2014-இல், தாய்மொழியை அரசு கட்டாயப்படுத்தல் ஆகாதென்றே தீர்ப்புரைத்தது. ஆங்கிலத்தைக் கட்டாயப்படுத்த எந்த ஆணையும் தேவைப்படவில்லை. பணமும் பதற்றமும் அவ்வேலையைப் பார்த்துக் கொள்கின்றன. 2012-13-இல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகளைப் பரவலாகத் திறந்துவிட்டதும் தமிழ்நாட்டரசே. வேலியைப் பிரித்துவிட்டு, ஆடு மேய்ந்துவிட்டதே என்று அழும் உழவனை எங்கேனும் கண்டதுண்டா?

பொறியியலில் தமிழ் நுழைந்தது 2010-இல். அண்ணா பல்கலைக்கழகம் கட்டுமானப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றிய கிண்டிப் பொறியியற் கல்லூரியில், இருநூறாண்டுகளுக்கும் மேலான வரலாற்றில், தமிழன் தன் மொழியில் பொறியியல் கற்கத் தொடங்கிய ஆண்டு அது. அதே 2010-இல் தமிழ்வழியிற் பயின்றோர்க்கு அரசுப்பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை அளிக்கும் சட்டமும் இயற்றப்பட்டது. இரண்டும் சேர்ந்து நடந்திருந்தால் நிலைமை மாறியிருக்கும். ஆனால் ஒரு கையால் தந்ததை மறுகை வளரவிடவில்லை. புதிய துறைகள் தமிழில் திறக்கப்படவில்லை. கணிப்பொறியியலை நாடி மாணவர் கூட்டம் ஓடிய காலத்தில், தமிழ்வழி மட்டும் கட்டுமானத்தோடும் எந்திரத்தோடும் நிறுத்தப்பட்டது. பிறகு, மாணவர் சேரவில்லை என்று கைவிரித்தனர். 2023 மே திங்களில், பதினோர் உறுப்புக் கல்லூரிகளில் இப்பிரிவுகளை நிறுத்தி வைப்பதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது. எதிர்ப்பு எழுந்தவுடன் அறிவிப்பு பின்வாங்கப்பட்டது. எதிர்ப்புக்கு அஞ்சிப் பின்வாங்கினரே தவிர, தமிழுக்கு இரங்கி அன்று. சோறூட்டாமல் பட்டினி போட்டுவிட்டுப் பிள்ளை மெலிந்துவிட்டதென்று சுடுகாட்டுக்கு நாள் குறிப்பதை ஆட்சித்திறம் என்று எப்படி ஏற்பது?

தமிழில் உயர்கல்வி இயலுமா என்று ஐயுறுவோர் யாழ்ப்பாணத்து மானிப்பாயைப் போய்ப் பார்க்கட்டும். அமெரிக்கத் தொண்டரான சாமுவேல் கிறீன் என்னும் மருத்துவர் 1847-இல் ஈழத்திற்கு வந்தார். தமிழ் கற்றார். ஆங்கில மருத்துவத்தை 1860-களில் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்றியல், அறுவை மருத்துவம், வேதியியல் நூல்களைத் தமிழில் ஆக்குவித்தார். ‘இரணவைத்தியம்’ என்றும் ‘கெமிஸ்தம்’ என்றும் அந்நூல்களுக்கு அவர் இட்ட பெயர்களில் வடசொல்லும் ஆங்கிலமும் கலந்திருத்தல் நமக்கு உவப்பன்று. அஃது அக்காலத்துப் புலவர் அவர்க்குக் கற்பித்த நடை. ஆயின் பெயரிற் குறை காணுமுன் செயலை நோக்குக. வெள்ளையன் ஒருவன், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவன், தமிழன் தமிழில் கற்றால்தான் தன் ஊரிலேயே தங்கி மருத்துவம் பார்ப்பான் என்று உணர்ந்து தமிழில் மருத்துவம் நடத்தினான். நூற்றறுபது ஆண்டுகளுக்குப் பின் தமிழ்நாட்டுத் தமிழன், தமிழில் மருத்துவமா என்று நகைக்கின்றான்.

இந்தியாவிலேயே இன்னொரு சான்று. ஐதராபாத்தில் 1918-இல் தொடங்கப்பட்ட உசுமானியாப் பல்கலைக்கழகம் மருத்துவம், பொறியியல் உட்பட அனைத்தையும் உருது மொழியில் கற்பித்தது. அதற்கென மொழிபெயர்ப்புத் துறை ஒன்றை அமைத்து, கலைச்சொல் ஆக்கி, நூல் அச்சிட்டு வகுப்பறைக்கு அனுப்பினர். ஐதராபாத்து இந்தியாவோடு சேர்க்கப்பட்ட பின்னரே அது கைவிடப்பட்டது. உருது மொழியின் அகவையும் தமிழின் அகவையும் ஒப்பிட வேண்டுவதில்லை. அவர்களிடம் அரசின் உறுதி இருந்தது, நம்மிடம் அது இல்லை. அவ்வளவே வேறுபாடு.

மாணவர்கள் குறிப்பாக அறியவேண்டிய வரலாறு ஒன்றுண்டு. ஐபா நகரில் யூதர்க்கென ஒரு தொழில்நுட்பக் கல்லூரி எழும்பிக் கொண்டிருந்த 1913-ஆம் ஆண்டில், அங்கு அறிவியற் பாடங்கள் செருமன் மொழியில் நடத்தப்படும் என்று அதன் ஆட்சிக்குழு முடிவு செய்தது. செருமன் அன்று உலகின் அறிவியல் மொழி. எபிரேயமோ நெடுங்காலம் வழிபாட்டிலும் ஏட்டிலும் மட்டும் இருந்து, அப்போதுதான் வீட்டுமொழியாகத் துளிர்த்துக் கொண்டிருந்தது. அதில் பொறியியற் கலைச்சொல் ஏது? எனினும் ஆசிரியரும் மாணவரும் எழுந்தனர். அக்குழு நடத்திய பள்ளிகளை விட்டு வெளியேறினர். தெருவில் ஊர்வலம் போயினர். எபிரேயத்தில் கற்பிக்கத் தனிப்பள்ளிகளைத் தாமே திறந்தனர். ஆட்சிக்குழு சில திங்களில் பணிந்தது. போர் குறுக்கிட்டதால் 1924-இல் அக்கல்லூரி வகுப்புகளைத் தொடங்கியபோது பயிற்றுமொழி எபிரேயமே. அந்நாட்டரசு பாலத்தீன மக்களுக்கு இழைக்கும் கொடுமைகளை யாம் ஒருபோதும் ஏற்பவரல்லேம். ஆனால் மொழிக்கென மாணவர் வகுப்பறையைத் துறந்த அத்துணிவை மறைத்துவைக்க வேண்டியதில்லை. எந்தக் கல்லூரியில் சேர்வது என்பதோடு எந்தக் கல்லூரியில் சேர மறுப்பது என்பதும் தேர்வே என்று அவர்கள் காட்டினர்.

தாய்மொழியில் கற்பதற்காகத் தண்டிக்கப்பட்டவரும் நம்மினத்திலேயே உளர். இலங்கையில் 1971-இல் கொணரப்பட்ட தரப்படுத்தல், ஒரே பல்கலைக்கழகத்தின் மருத்துவ இடத்திற்குத் தமிழ்வழி மாணவன் 400-க்கு 250 மதிப்பெண் பெறவேண்டும், சிங்களவழி மாணவனுக்கு 229 போதும் என்றது. பொறியியலுக்கு முறையே 250-உம் 227-உம். அந்த அடிக்கு ஈழத்து இளைஞர் தந்த விடையை உலகம் அறியும். அவர்கள் தமிழ்வழியை விட்டு ஓடவில்லை என்பதை மட்டும் இங்கே நினைவூட்டுவோம். ஈழத்துப் பள்ளிகளில் இன்றும் இயற்பியலும் உயிரியலும் தமிழிலேயே நடக்கின்றன.

இங்கே தண்டனை வேறு உருவில் வருகின்றது. கொட்டிவாக்கத்திலிருந்து சிறிது தொலைவில், கிண்டிக் காட்டின் 600 ஏக்கருக்கு மேற்பட்ட தமிழ்நிலத்தில், 1959 முதல் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் நிற்கின்றது. நிலம் தமிழருடையது. அதில் பட்டப்படிப்புக்கு நுழைய எழுதவேண்டிய மேல்நிலை நுழைவுத்தேர்வின் வினாத்தாளோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே உள்ளது. இந்தி பேசுவோன் இரண்டாயிரம் கல் தொலைவிலிருந்து வந்து தன் தாய்மொழியில் எழுதுகின்றான். அடையாற்றில் பிறந்தவன் அயன்மொழியில் எழுதுகின்றான். 2018 பிப்பிரவரியில் அக்கழகத்து விழாவொன்றில் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு மாறாகச் சமற்கிருதப் பாட்டு பாடப்பட்டபோது நாடே கொதித்தது. கொதித்தது முறையே. ஆனால் ஒரு பாட்டுக்குக் கொதித்த நாம், ஆண்டுதோறும் நம் பிள்ளைகளை வாயிலில் நிறுத்தும் அந்த வினாத்தாளுக்கு அதில் பத்தில் ஒரு பங்கேனும் கொதித்தோமா? நடுவண் அமைச்சர் அமித்சா 2022 அத்தோபரில் போபாலில் இந்தி மருத்துவப் பொத்தகங்களை வெளியிட்டார். அவர்கள் தம் மொழிக்குச் செய்கின்றனர். நாம் அவர்களைத் திட்டுகின்றோம். நம் மொழிக்குச் செய்வதில்லை.

மருத்துவக் கல்லூரியைப் பற்றி எழுதவே கை கூசுகின்றது. 2017-இல் நீட்டுத் தேர்வு திணிக்கப்படுமுன், மருத்துவத்தில் சேர்ந்தவருள் தமிழ்வழி மாணவர் பத்து விழுக்காட்டிற்கும் மேல் இருந்தனர். பின்னர் அவ்வெண்ணிக்கை மிகச்சில விழுக்காடாகச் சரிந்ததை நடுவர் ஏ.கே.இராசன் குழு 2021-இல் கணக்கோடு காட்டியது. மேனிலைத் தேர்வில் 1200-க்கு 1176 பெற்ற குழுமூர் அனிதாவை நாம் இழந்தது அந்த முதல் ஆண்டிலேயே. சட்டமன்றம் இருமுறை நிறைவேற்றிய விலக்குச் சட்டத்திற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்பிரலில் முதலமைச்சர் அறிவித்தார். மாணவன் எந்தக் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது என்று நாம் பேசிக் கொண்டிருக்கின்றோம். தில்லியோ எந்த மாணவனைக் கழித்துக் கட்டுவது என்று தேர்ந்தெடுத்து முடித்துவிட்டது. ஒருவேளை முயன்றும் இடம் கிட்டாவிடின், தம்பீ, தங்காய், தோற்றது நீங்கள் அல்லீர்; உங்களை அளந்த கோல்தான் கோணல். உயிரினும் பெரிய கல்லூரி உலகில் எங்கும் இல்லை.

‘ஆங்கிலம் இன்றி வேலை கிடைக்குமா?’ இக்கேள்வியைக் கேட்போரை யாம் பழிப்பதில்லை. தமிழ்வழியில் பொறியியல் கற்றவரைத் தனியார் நிறுவனங்கள் நேர்காணலில் ஒதுக்குவது மெய்யே. அதனை மறைத்து மாணவரை அழைப்பது நேர்மையன்று. ஆனால் ஆங்கிலத்தைக் கற்பது வேறு. ஆங்கிலத்தில் மட்டுமே கற்பது வேறு. சப்பானியன் ஆங்கிலம் அறிவான். பின்லாந்துக்காரன் நம்மினும் நன்றாக அறிவான். தம் பொறியியலை அவரவர் மொழியில் கற்றுக்கொண்டே அறிவர். பின்லாந்தின் மக்கள்தொகை ஐம்பத்தைந்து இலக்கம் அளவினது. நம் சென்னை மாநகரின் மக்கள்தொகை அதனினும் மிகுதி. ஆங்கிலத்தை ஒரு மொழியாக, நல்ல ஆசிரியரிடம், நன்றாகக் கற்றுக்கொள். அதற்காக உன் வேதியியலையும் கணக்கையும் பலியிடாதே. ஆங்கிலவழியில் பயின்று, ஆங்கிலமும் வராமல், பாடமும் வராமல், தமிழும் மறந்து வெளிவரும் பட்டதாரிகளை எந்தத் தெருவிலும் காணலாம். அவர்களைக் கண்டபின்னும் அதே குழியில் விழுவதை அறிவுடைமை என்பதா?

இங்கே நம்மவர்க்கும் ஒரு சொல். மேடையில் தமிழ்த்தாய்க்கு மாலையிட்டு, வீட்டில் மகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பும் தலைவர்கள் கட்சிதோறும் உளர். தமிழ்த்தேச மேடைகளிலும் இல்லாமற் போகவில்லை. ஏழை மாணவனுக்குத் தமிழ்வழி, தலைவன் மகனுக்குத் தன்னிதிக் கல்லூரி என்பது இரண்டகம். எதிரியின் பகைமையைத் தாங்கிக் கொண்ட தமிழ், இந்த உள்வீட்டு நடிப்பைத் தாங்காது. தம் பிள்ளையை எங்கே சேர்த்தீர் என்று இவர்களைப் பார்த்துக் கூட்டந்தோறும் மாணவர் கேட்க வேண்டும். விடை வரும்வரை கைதட்ட வேண்டா.

இனி, கல்லூரி வாயிலுக்குச் செல்லுமுன் செய்யவேண்டியவை. அரசுக் கல்லூரியை முதலில் நாடுக. மாநிலக் கல்லூரியும் இராணிமேரிக் கல்லூரியும் நந்தனம் அரசு கலைக்கல்லூரியும் பெரும்பாக்கம் அரசுக் கல்லூரியும் கொட்டிவாக்கத்து மாணவர்க்குப் பேருந்திற் சென்று திரும்பும் தொலைவில் உள்ளன. தரமணியில் 1916-இல் தோன்றிய மையப் பல்தொழில்நுட்பப் பயிலகம் உள்ளது. பளபளப்பான கட்டடம் இராது. கழிப்பறையைப் பற்றிப் போராடவும் நேரலாம். ஆனால் கடன் இராது. எந்தத் துறைக்குத் தமிழ்வழி உண்டு என்பதைச் சேர்க்கைக்கு முன் துறைத்தலைவரிடமே உசாவுக; எழுத்தர் சொல்வதை இறுதியாகக் கொள்ளவேண்டா.

அரசுப் பள்ளியிற் பயின்றோர்க்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை முதலியவற்றில் 2021 முதலும் 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு உண்டு. அவ்வழிச் சேர்வோரின் கட்டணத்தை அரசே ஏற்கின்றது. இதை அறியாமலே தனியார் வாயிலில் பணம் கட்டிவிட்டு வந்து வருந்துவோர் ஆண்டுதோறும் உளர். மாணவியர்க்குப் புதுமைப்பெண் திட்டத்தின் வழியும், மாணவர்க்கு 2024 முதல் தமிழ்ப்புதல்வன் திட்டத்தின் வழியும் திங்கள்தோறும் 1000 உருபா கிடைக்கும். அஃது எவரும் இடும் பிச்சையன்று, மக்கள் வரிப்பணம். கூசாமற் கேட்டுப் பெறுக.

அரசுப்பணியை எண்ணுவோர் இதனை இருமுறை படியுங்கள்: 20 விழுக்காட்டுத் தமிழ்வழி முன்னுரிமை, 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், பட்டத்தை மட்டும் தமிழில் பெற்றோர்க்குக் கிட்டாது, பள்ளிப் படிப்பும் தமிழ்வழியாய் இருத்தல் வேண்டும். அவ்வாறே, பள்ளி முழுதும் தமிழில் பயின்று கல்லூரியில் ஆங்கிலவழிக்குத் தாவியவர், பட்டத்தைத் தகுதியாகக் கேட்கும் பணிகளுக்கு அவ்வுரிமையை இழப்பர். மூன்றாண்டுப் பகட்டுக்காகப் பன்னீராண்டு ஈட்டியதைக் கடலில் எறிவது அது. பயின்ற ஒவ்வொரு நிறுவனத்திலிருந்தும் தமிழ்வழிச் சான்றினை உடனுக்குடன் பெற்று வைத்துக்கொள்க. பத்தாண்டு கழித்துத் தலைமையாசிரியரைத் தேடி அலையவேண்டா.

ஆங்கிலவழியன்றி வேறு வழியே இல்லாத துறையில் சேர நேர்ந்தவர் சோர்ந்து விடற்க. ஆங்கிலவழிப் படிப்பாயினும் மாணவர் தம் மொழியில் விடை எழுத இசைவளிக்குமாறு பல்கலைக்கழக நல்கைக்குழு 2023 ஏப்பிரலில் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. நீ சேரும் கல்லூரி அதனை நடைமுறைப்படுத்தியுள்ளதா என்று முதல் நாளே எழுத்தில் கேள். ஒருவன் கேட்டால் சிரிப்பர்; பத்துப்பேர் கேட்டால் கோப்பு திறப்பர். அத்துறையின் தமிழ் நூல்களை நூலகத்தில் வாங்கி வைக்கக் கேள். ஒரே வகுப்பில் நான்கைந்து பேர் மாலையில் கூடி அன்றைய பாடத்தைத் தமிழில் பேசிப் பாருங்கள். கலைச்சொல் கிடைக்காவிடின் ஆக்குங்கள். ஆக்கிய சொல் பிழையாயின் மாற்றுங்கள். சொல்லாக்கம் புலவர்க்கு மட்டும் உரியதன்று; பட்டறையிலும் ஆய்வகத்திலும் கடற்கரையிலும் பிறந்த சொற்களே தமிழில் நெடுநாள் நின்றுள்ளன.

பொறியியற் கலந்தாய்வில் கல்லூரிகளின் பெயர்ப்பட்டியலை உருட்டிக்கொண்டே போகும்போது, கட்டுமானப் பொறியியல், எந்திரப் பொறியியல் ஆகியவற்றின் அருகில் ‘தமிழ்வழி’ என்று தனியே ஒரு வரி இருக்கும். பெரும்பாலோர் அவ்வரியைக் காணாமலே கடந்து போகின்றனர். விருப்பப் பட்டியலில் அதற்கும் ஓர் இடம் தந்து எழுதுக. அதற்கு முன், அதிற் சேர்ந்து பயின்று வெளிவந்த ஒருவரையேனும் நேரிற் கண்டு, நடந்தது யாதென்று உசாவுக. நாளை, இவ்வாண்டும் எவரும் சேரவில்லை என்று கூறி அந்த வரியை அழிக்க எழுதுகோல் எடுப்போர்க்கு முன், எண்ணிக்கையாய் நிற்கப் போவது உங்கள் பெயர்களே.